மூடி இல்லாத வண்டி

மூட்டை கால்ல இடிக்கோ தம்பி? இந்தா, கொஞ்சம் இந்தப் பக்கமா இழுத்துக்கிடுதேன். பயப்படாதிய, உள்ள உயிருள்ளது ஒண்ணும் கிடையாது. கடகடன்னு சத்தம் வருதேன்னு பாக்கியளா? அந்தக் கண்டக்டரும் அதான் கேட்டான், 'என்ன அண்ணாச்சி, பழைய இரும்புக் கடைக்கா போறிய'ன்னு. பழைய இரும்பாம்! அத்தனையும் எவர்சில்வர் தம்பி. நல்ல கனத்த தகடு. பிரிச்சுக் காட்டினா உங்க கண்ணு கூசிரும்.

மடியில ஹெல்மெட்டு வச்சிருக்கியளே, பைக்கு எங்க? சர்வீசுக்கு விட்டிருக்கா? திருநெல்வேலியிலயா? அப்பம் நல்லதாப் போச்சு. பைக்குக்காரர் பக்கத்துல எடம் கிடைச்சது அந்த காசி விசுவநாதர் செயல். உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கணும். முழுசாக் கேட்டுட்டுச் சொல்லுங்க, தப்பு எம்பேர்லயா, எங்க மாப்பிள்ளை பேர்லயா. நடுவுல தூங்கிராதிய.

நான் ஆவுடையப்பன். தென்காசியில பாத்திரக்கடை வச்சிருக்கேன். எங்க கடைக்கு ஒரு பேரு உண்டு பாத்துக்கிடுங்க. மூடியில்லாத சாமான் அங்கன கிடையாது. சம்புடம்னா மூடி, தூக்குன்னா மூடி, சொம்புக்குக் கூட கேட்டா மூடி போட்டுத் தருவேன். திறந்து கிடக்கிறது எதுவும் எனக்குப் பிடிக்காது. தூசி விழும், பல்லி விழும், கண்ணு விழும். இன்னொண்ணு, எங்க கடையில சாமான் வாங்கினா பேரு வெட்டித் தராம அனுப்ப மாட்டேன். வெட்டுறதுக்கு ஆள் வச்சிருக்கேன்னு நினைக்காதிய, நானேதான். டர்ருன்னு மிஷினைப் பிடிச்சேன்னா முத்து முத்தா எழுத்து விழும். பேரு வெட்டாத பாத்திரம் ஊரான் வீட்டுப் பாத்திரம், இதான் நம்ம கொள்கை.

எனக்கு ஒரே மக. பேரு குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பேருல்லா. பள்ளிக்கூடத்துல வாத்திமாரெல்லாம் சுருக்கச் சொன்னாவ, நான் விடல. வீட்டுல மட்டும் குழலி. அவ கல்யாணச் சீருக்கு அண்டாவுல இருந்து அரிகரண்டி வரைக்கும் நானே உக்காந்து பேரு வெட்டினேன். ஸ்பூன்லதான் முழுப் பேரும் பத்தல. 'குழல்' வரைக்கும்தான் எடம் இருந்தது. எனக்கு இன்னைக்கும் அது ஒரு குறைதான்.

ஆவணியில கல்யாணம். மாப்பிள்ளை சிவசைலம், பாளையங்கோட்டையில ஒரு காலேஜில செடி கொடி பத்திப் பாடம் எடுக்காவ. ஆறடி உயரம். பேசவே மாட்டாவ. தங்கமான மனுசர். காலேஜிக்கு டவுன் பஸ்ஸுலதான் போவாவ. ரோட்டைத் தாண்டணும்னா எதுத்தாப்ல வார சைக்கிளு போற வரைக்கும் நிப்பாவன்னா பாத்துக்கிடுங்களேன், அவ்வளவு நிதானம்.

தலை தீபாவளி வருதுல்லா. மாப்பிள்ளைக்கு என்ன செய்யன்னு மககிட்ட போன்ல கேட்டேன். மோதிரம், வாட்சு ஏதாச்சும் சொல்லுவான்னு பாத்தா, பட்டுன்னு சொல்லிட்டா: 'யப்பா, அவருக்கு பைக்குன்னா உயிரு.' எனக்கு ஒரே ஆச்சரியம். சைக்கிளுக்கு வழி விட்டு நிக்கிற மனுசருக்கு மனசுக்குள்ள இம்புட்டு ஆசையான்னு. சொல்ல வெக்கப்பட்டு பொண்டாட்டி வழியாக் கேக்காவ, பாவம். நான் உடனே சரின்னுட்டேன்.

எந்த வண்டிங்கிறதையும் அவதான் முடிவு பண்ணினா. படமா அனுப்பித் தள்ளிட்டா. பேரே கிடையாது தம்பி அந்த வண்டிக்கு, ஜெயில் கைதிக்குப் போட்ட மாதிரி ஒரு நம்பருதான். நானூறு சிசிக்குப் பக்கம். ரொம்பப் பெருசும் இல்லியாம், சின்னதும் இல்லியாம். 'ஊருக்குள்ளயும் ஓட்டலாம்பா, மேக்கால மலைப்பாதையிலயும் ஓட்டலாம். நிமிந்து உக்காந்து ஓட்டுத வண்டி, முதுகு வலிக்காது'ன்னா. கியரைச் சடார்னு இறக்கினாலும் பின் சக்கரம் இழுக்காதாம், அதுக்கு என்னவோ ஒரு கிளட்சாம். 'ஏளா, உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்'னேன். 'அவரு சொல்லுவாரு'ன்னா. பாத்தியளா, வாயே திறக்காத மனுசரு பொண்டாட்டிகிட்ட எம்புட்டுப் பேசுதாவ!

கடைக்கு வண்டியைப் பாக்க அவளும் என்கூட வந்தா. மாப்பிள்ளை வரல, பரீட்சைப் பேப்பர் திருத்துதாவன்னா. வந்தவ மொதல்ல என்ன செஞ்சா தெரியுமா? வண்டியில ஏறி உக்காந்து ரெண்டு காலும் தரையில எட்டுதான்னு பாத்தா. நான் சிரிச்சிட்டேன். 'ஏட்டி, மாப்பிள்ளை ஆறடி. அவங்களுக்கு எட்டாமலா போவும்?'னேன். அவளும் சிரிச்சா. ஆனா எறங்கத்தான் மனசில்ல, ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டு அங்கனயே உக்காந்திருக்கா. புருசனுக்கு வாங்குற சாமானைக் கூட அவ்வளவு அக்கறையாப் பாக்குற புள்ள.

வண்டின்னா ஓட்டவும் கொஞ்சம் பழக்கம் உண்டு அவளுக்கு. காலேஜி படிக்கும்போது எங்க கடை மொபெட்ட எடுத்துக்கிட்டு காலையில பால் வாங்கப் போவா. போனா வர ரெண்டு மணி நேரம் ஆகும். அந்தப் பால்காரன் அவ்வளவு மெதுவாக் கறப்பான் போல. அப்பமே ஒருநாள், 'யப்பா, எனக்கு ஒரு பைக்கு வாங்கித் தாங்களேன்'னு கேட்டா. பொட்டப்புள்ளைக்கு எதுக்குன்னு வாங்கல. அதுக்காகச் சும்மா விட்டுருவனா? அஞ்சடுக்கு டிபன் கேரியர் ஒண்ணு குடுத்தேன், முழுப் பேரும் வெட்டி. காலேஜி முழுக்க அதுலதான் சாப்பிட்டா.

எதுல விட்டேன்? ஆங், வண்டி. டெலிவரி அன்னைக்கு நான் மட்டும் போனேன். துணியை விலக்கிக் காட்டினான் தம்பி, எனக்குப் பகீர்னு ஆயிட்டு. எஞ்சின் அப்படியே வெளிய நிக்கி! குழாயி, வயரு, போல்ட்டு, எல்லாம் தெரியுது. பாலத்துக்குக் குறுக்குக் கம்பி வச்ச மாதிரி ஒரு சட்டம், அதுக்குள்ள எஞ்சினைத் தொங்க விட்டிருக்கான். படத்துலயும் அன்னைக்குக் கடையிலயும் பாக்கும்போது, காட்டுறதுக்காக மூடியைக் கழட்டி வச்சிருக்கான்னுல்லா நினைச்சேன்! முன்னால ரெண்டு தண்டு மட்டும் தங்கக் கலரு. அது ஒண்ணுதான் பாத்தவுடனே பிடிச்சது. ஹெட்லைட்டு ஒரு வெட்டுக்கிளி மூஞ்சி. மீட்டர் இருக்க வேண்டிய எடத்துல செல்போன் மாதிரி ஒரு திரை. அதுல மழைக்குன்னு தனியா ஒரு பட்டனாம். மழைக்குப் பட்டன் வைக்கத் தெரிஞ்சவனுக்குப் பின்னால உருப்படியா ஒரு மட்கார்டு வைக்கத் தெரியல! பின் சீட்டு என் உள்ளங்கை அகலம். அதுவும் மேல தூக்கிக்கிட்டு நிக்கி, வாலைத் தூக்கின தேளாட்டம். பிடிக்க ஒரு கம்பி கிடையாது.

அங்கன இருந்த பொண்ணுகிட்ட மெதுவாச் சொன்னேன், 'அம்மா, மூடியைக் குடுக்க மறந்துட்டிய.'

'எந்த மூடி சார்?'

'வண்டிக்குத்தாம்மா. எஞ்சினுக்கு மூடி, பக்கத்துக்கு மூடி.'

'சார், இது அப்படித்தான் சார் இருக்கும்'னா. அந்த மாதிரி வண்டிக்கு ஒரு பேரு சொன்னா தம்பி, எனக்கு வாய் கூசுது. இங்கிலீஷ்ல துணியில்லாம நிக்கிறதுக்குச் சொல்லுவாவளே, உங்களுக்குத் தெரியுமா? ஆமா, அதேதான். ஒரு வயசுப் புள்ள என் முன்னால நின்னு அப்படிச் சொல்லுது, நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். 'எல்லாம் வெளிய தெரியுறதுதான் சார் இதோட அழகே. வெயிட்டும் கம்மி, காத்தும் நல்லாப் படும்'ங்கா. காத்துப் படுறதுக்கு அது என்ன வடகமா? நான் ஒண்ணும் சண்டை போடல. நாகரிகமா வண்டியை வாங்கிக்கிட்டு வந்துட்டேன். மூடி தராட்டா என்ன, ஆவுடையப்பன் கையில தகடு இல்லியா?

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தது. எனக்குத் தெரிஞ்ச பட்டறைக்காரர் மாடக்கண்ணு. ரெண்டு பேரும் சேந்து ராப்பகலா வேலை பாத்தோம். மொதல்ல சேலை கார்டு. எம்மக பின்னால உக்காரும்போது முந்தானை சக்கரத்துல சிக்கிரப் பிடாதுல்லா. சாதாரண சேலை கார்டு இல்ல தம்பி, ஜன்னல் கம்பி மாதிரி பூ டிசைன் போட்டது. முன்னால கால் அடிபடாம இருக்க லெக் கார்டு. எஞ்சினுக்கு ரெண்டு பக்கமும் பளபளன்னு தகடு. ஹெட்லைட்டுக்கு மேல ஒரு தொப்பி. பின்னால ரெண்டு பக்கமும் பெட்டி, அதுக்குப் பூட்டு. உள்ள ஒரு சம்புடம் வேற வச்சேன், வழியில பசிச்சா முறுக்கு வச்சுத் திங்கட்டும்னு. சீட்டுக்கு மேல தேங்காப்பூ துண்டுல உறை.

பின்னால பிடிக்கிறதுக்குன்னு ஒரு கம்பி வச்சோம் பாருங்க, அதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை. குழாயை வளைச்சு, கையில வழுக்காம இருக்கச் சொரசொரப்பு குடுத்து, வேகமாப் போனாலும் எம்மக கெட்டியாப் பிடிச்சுக்கிடணும்னு எம் பொண்டாட்டி செண்பகத்தை ஒரு ஸ்டூல்ல உக்கார வச்சு கை எட்டுற தூரம் அளந்து வச்சேன். 'இந்த வயசுல என்னைய ஸ்டூல்ல உக்கார வச்சு வேடிக்கை காட்டுதிய'ன்னு திட்டிக்கிட்டேதான் உக்காந்தா.

எஞ்சினுக்கு முன்னால, முன் சக்கரத்துக்குப் பின்னால, ஒரு சல்லடை மாதிரி இருந்தது, ரேடியேட்டராம். மண்ணும் சேறும் நேரா அதுலதான் போய் அடிக்கும். அங்கன எவனோ மூடி வைக்காம விட்டிருக்கான். நான் அளவெடுத்து ஒரு தட்டு செஞ்சு இறுக்கமா மூடிட்டேன்.

என்ன தம்பி, தலையில கை வைக்கிய? வெயிலா? ஜன்னலை வேணா சாத்திக்கிடுவோம்.

எல்லாம் முடிஞ்சு பாக்கேன், வண்டி இப்பந்தான் வண்டி மாதிரி இருக்கு. ஆனா ஏதோ ஒண்ணு குறையுது. ராத்திரி படுத்தா உறக்கம் வரல. பொறவு பொறி தட்டிச்சு. பேரு! பேரு வெட்டல! காலையில மொத வேலையா மிஷினை எடுத்துட்டுப் போயி, பெட்ரோல் டேங்குல இடது பக்கம் உக்காந்து வெட்டினேன். 'தலை தீபாவளி அன்பளிப்பு. மாப்பிள்ளை சிவசைலம் அவர்களுக்கு ஆவுடையப்பன், தென்காசி.' சுத்தி ஒரு கொடி, கீழ ரெண்டு அன்னம். மேட் கருப்புன்னு அந்தப் பொண்ணு பெருமையாச் சொன்ன பெயிண்டுல வெள்ளை வெள்ளையா எழுத்து விழுந்தது பாருங்க, எம் பொழைப்புலயே அப்படி ஒரு எழுத்து விழுந்ததில்ல. வலது பக்கமும் ஏதாச்சும் வெட்டலாம்னு மிஷினைத் தூக்கிட்டேன். என்ன வெட்டன்னு தோணல. சரி கிடக்கட்டும்னு விட்டுட்டேன்.

தீபாவளி அன்னைக்குத் தெருவே கூடி நிக்கி. போர்வையை எடுத்தேன். மாப்பிள்ளை ரெண்டடி பின்னால போயிட்டாவ. எம்மக அழுதுட்டா தம்பி. சந்தோசத்துல பொலபொலன்னு கண்ணீரு. டேங்குல எழுதியிருக்கிறதைப் படிச்சா, இன்னும் அழுதா. அப்படியே தரையில உக்காந்துட்டா. செண்பகம் அவளை உள்ள கூட்டிட்டுப் போயி காப்பித்தண்ணி குடுத்துக் கூட்டியாந்தா. பிள்ளைக்கு அப்பன் மேல அவ்வளவு பாசம். நானும் துண்டால கண்ணைத் துடைச்சுக்கிட்டேன், பொய் சொல்லல.

மாப்பிள்ளை வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தாவ. பின்னால அந்தக் கம்பிகிட்ட வந்தப்போ மட்டும் நின்னு, கையால தடவி, ரெண்டு கையாலயும் பிடிச்சு இழுத்துப் பாத்தாவ. 'கெட்டியா இருக்குமா மாமா?'ன்னு கேட்டாவ. அவங்க எங்கிட்ட முழுசாப் பேசின மொத வார்த்தை அதான். 'யானையைக் கட்டலாம் மாப்பிள்ளை'ன்னேன்.

பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு, சாவியை அவங்க கையில குடுத்தேன். மாப்பிள்ளைக்கு நெத்தியெல்லாம் வேர்வை. சாவியை வாங்கி அப்படியே எம்மக கையில குடுத்துட்டாவ. எவ்வளவு குணம் பாருங்க! வீட்டு லட்சுமி மொதல்ல தொடட்டும்னு நினைக்காவ. இவ உடனே ஓட்டுற எடத்துல ஏறப் போனா. 'ஏளா, இறங்கு. மாப்பிள்ளை ஓட்டட்டும், நீ பின்னால உக்காரு. ஊரு பாக்குதுல்லா'ன்னு நான்தான் சாவியைப் பிடுங்கித் திருப்பி மாப்பிள்ளை கையில வச்சேன். அவங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டாவ. புதுசாக் கல்யாணம் ஆனவங்க இல்லியா.

வண்டி கிளம்புது, நிக்கி. கிளம்புது, நிக்கி. பின்னால இருந்து இவ 'கிளட்ச மெதுவா விடுங்க, மெதுவா, மெதுவா'ங்கா. பெரிய வண்டியில்லா, பழக நேரம் ஆகும். ஒருவழியாப் புறப்பட்டு நடக்கிற வேகத்துல தெருக்கோடி வரைக்கும் போனாவ. அங்கன போயி திருப்பத் தெரியாம முன்னாலயும் பின்னாலயும் போயிக்கிட்டு நிக்காவ. அப்பதான் ஆவி வந்தது. முன்னால அந்தத் தட்டுக்குள்ள இருந்து புசுபுசுன்னு, நாலு விசில் தாண்டின குக்கர் மாதிரி. மாப்பிள்ளை அலறி அடிச்சுக் காலை ஊன, வண்டி மெதுவா, ரொம்ப மெதுவா, அப்படியே பக்கவாட்டுல சாஞ்சுட்டு. யாருக்கும் ஒரு கீறல் இல்ல. ஏன்? லெக் கார்டு! நான் அங்கனயே எல்லார்கிட்டயும் சொன்னேன், 'பாத்தியளா, லெக் கார்டு மட்டும் இல்லன்னா என்ன ஆயிருக்கும்?' எதுத்த வீட்டுக்காரன், 'ஆவுடையப்பா, உள்ள பருப்பு வெந்துட்டா பாரு'ன்னான். பொறாமை.

மறுநாள் ரெண்டு பேரும் பஸ்ஸுல போயிட்டாவ. வண்டி மினி லாரியில போச்சு.

அதோட சரி தம்பி. கார்த்திகைக்கு வரல. மார்கழியும் பாதி போச்சு. போன் பண்ணினா, 'வேலை இருக்குப்பா.' 'மாப்பிள்ளைக்கு எம்மேல கோவமாளா'ன்னு கேட்டேன். 'அவருக்கு என்னப்பா கோவம்? கோவம் எனக்குத்தான்'ங்கா. எம்மக அப்படி. புருசனை ஒருநாளும் விட்டுக் குடுக்க மாட்டா. பழியைத் தன் தலையில போட்டுக்கிடுதா. 'அப்படி நான் என்னத்தட்டி செஞ்சேன்?'னு கேட்டா, 'நீங்க ஒண்ணுமே செய்யாம இருந்திருந்தா போதும்பா'ன்னு சொல்லிட்டு வச்சிட்டா.

போன வாரம் பார்சல் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து, மூட்டை வந்திருக்குன்னான். தலைப் பொங்கலுக்கு முன்னால மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஏதோ அனுப்பியிருக்காவன்னு செண்பகம் வாசல்ல கோலத்துக்குக் காவி எல்லாம் பூசினா. அவுத்துப் பாத்தா, இந்தா, இதான். சேலை கார்டு, லெக் கார்டு, தகடு, தொப்பி, பெட்டி, சம்புடம், எல்லாத்தையும் கழட்டித் திருப்பி அனுப்பியிருக்காவ. துண்டைத் துவைச்சு மடிச்சு வேற வச்சிருக்காவ. அந்தத் துண்டைப் பாத்ததும் எனக்கு அழுகை வந்துட்டு. ஒரு மாமனாருக்கு இதைவிட என்ன தம்பி அவமானம் வேணும்?

ஒண்ணே ஒண்ணு மட்டும் மூட்டையில இல்ல. அந்தப் பிடிகம்பி. மூணு தடவை கொட்டிப் பாத்துட்டேன். பார்சல்ல எவனோ உருவிட்டான். வேலைப்பாடு தெரிஞ்ச திருடன்.

கடையில போயி உக்காந்தா வேலை ஓடல. வீடு வெறிச்சுன்னு கிடக்கு. அவ இருந்தா ஒரே சத்தமா இருக்கும், பாட்டுப் போடுவா, அம்மைகூட சண்டை போடுவா. பொங்கலுக்கும் அவ வரலன்னா நான் என்ன செய்ய? அதான் இன்னைக்கு மூட்டையைத் தூக்கிட்டுச் சொல்லாமக் கொள்ளாமக் கிளம்பிட்டேன். நேரா மாப்பிள்ளை முன்னால போயி, 'என்ன குறை, சொல்லுங்க. பெருசா இருந்தாச் சின்னதா அடிச்சுத் தாறேன். பிடிகம்பியும் புதுசாச் செஞ்சு தாறேன்'னு சொல்லி, நானே திருப்பி மாட்டிக் குடுத்துட்டு, ரெண்டு பேரையும் பொங்கலுக்குக் கூட்டிட்டு வரப் போறேன். ஸ்பானரெல்லாம் கூட எடுத்து வச்சிருக்கேன். எப்படி என் யோசனை? ஏன் கர்ச்சீப்ப வச்சு வாயைப் பொத்துதிய?

அட, என்ன வண்டி நின்னுட்டு? கேட்டு போட்டுட்டானா? சரியாப் போச்சு. இப்பம் பாருங்க வேடிக்கையை. அந்தப் பக்கத்துக்காரன் ரோடு முழுக்க அடைச்சு நிப்பான், இந்தப் பக்கத்துக்காரனும் முழுக்க அடைச்சு நிப்பான். ரயிலு ஒரு நிமிசத்துல போயிரும். பொறவு அரை மணி நேரம் ஒருத்தருக்கொருத்தர் ஹாரன் அடிச்சுக்கிட்டு நிக்கணும்.

நான் சொன்னேன்லா? ரயிலு போயிட்டு, கேட்டைத் தூக்கிட்டான், ஒரு வண்டி நகந்துதா?

ஏ, தம்பி, அந்தா பாருங்க. அந்தப் பக்கத்துல இருந்து ஒரு பைக்கு வருதே. லாரிக்கும் ஆட்டோவுக்கும் நடுவுல எப்படி வளைஞ்சு வருது பாருங்க! ஓட்டுறது பொண்ணு, தெரியுதா? ஹெல்மெட்டுக்கு அடியில சடை தொங்குது. ஆகா, என்னமா ஓட்டுதா! ஒரு காலை ஊனுதா, அப்படியே திருப்புதா. வண்டியும் சின்னதா, இறுக்கமா, என்ன லட்சணம். எஞ்சின் எல்லாம் வெளியதான் தெரியுது, இருந்தாலும் அது ஒரு அழகாத்தான் இருக்கு. இந்த மாதிரி வண்டியெல்லாம் வாங்கணும் தம்பி. எங்க மாப்பிள்ளைக்கு வந்து வாய்ச்சுதே ஒண்ணு!

பின்னால உக்காந்திருக்கிற ஆளைப் பாருங்க. நெட்டையா, கண்ணை மூடிக்கிட்டு, கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு. பொண்டாட்டி ஓட்டுதா, இவன் சாமி கும்பிடுதான்! சிரிங்க தம்பி, சும்மா சிரிங்க. இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை எவன் மாப்பிள்ளையா எடுத்தானோ, பாவம் அந்த மாமனாரு.

நம்ம ஜன்னலுக்கு நேராவே வந்து மாட்டிக்கிட்டாவ. அந்தக் கம்பி நல்ல கம்பி. சொரசொரப்பாக் கூட...

ஒரு நிமிசம்.

தம்பி, அந்த டேங்குல என்ன எழுதியிருக்கு? கண்ணாடியை வீட்டுல விட்டுட்டு வந்துட்டேன். படிங்க. கொடி போட்டிருக்கா? கீழ என்ன, அன்னமா? ரெண்டு அன்னமா?

ஏ, குழலீ! ஏளா குழலி! கேக்கலியே, இந்த ஹாரன் சத்தத்துல. மாப்பிள்ளை! ஐயய்யோ, அவங்க கண்ணைத் திறந்தாத்தானே.

மாப்பிள்ளைக்குக் கால்ல ஏதும் அடியோ? அதான் இவ ஓட்டுதாளோ? இல்லியே. கால் நல்லாத்தானே இருக்கு. இவ ஓட்டுறதைப் பாத்தா இன்னைக்கு நேத்து ஓட்டுற மாதிரியா இருக்கு? அந்த ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கா பாருங்க. அன்னைக்குக் கடையிலயும் இப்படித்தான் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. கால் எட்டுதான்னு பாத்தாளே. கால் எட்டுதான்னு...

கிளட்சு பத்தி எல்லாம் அவதானே சொன்னா.

பால் வாங்கிட்டு வர ரெண்டு மணி நேரம்.

தம்பி, நான் கதை ஆரம்பிச்சதுல இருந்தே நீங்க ஒரு மாதிரி சிரிச்சுக்கிட்டு இருந்தியளே, அது இதுக்குத்தானா? வாயத் திறந்து ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?

அண்டாவுல வெட்டினேன். அரிகரண்டியில வெட்டினேன். டிபன் கேரியர்ல வெட்டினேன். அவ ஆசைப்பட்டுக் கேட்ட ஒரே சாமான்ல போயி வேற ஆள் பேரை வெட்டி வச்சிருக்கேனே தம்பி! அதான் அந்த அழுகை அழுதுருக்கா எம் பிள்ளை. நான் ஒரு மடையன், சந்தோசத்துல அழுதான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதேன்.

ஆனா கம்பியைக் கழட்டலியே, பாத்தியளா? எல்லாத்தையும் கழட்டினவ அதை மட்டும் விட்டிருக்கா. எவ்வளவு கெட்டியாப் பிடிச்சிருக்காவ மாப்பிள்ளை! யானையைக் கட்டலாம்னு சொன்னேன்லா.

கண்டக்டர்! ஏ கண்டக்டர்! நான் இறங்கணும். ஆமாய்யா, இங்கனதான். திருநெல்வேலிக்கு டிக்கெட்டு எடுத்தா என்ன, எனக்கு வர வேண்டியது இங்கனயே வந்துட்டு. அவங்க போற ரோடு தென்காசி ரோடுல்லா. எங்க போவாவ, நம்ம வீட்டுக்குத்தான்.

மூட்டையா? நீங்களே வச்சுக்கிடுங்க தம்பி. உங்க வண்டிக்கு மாட்டிக்கிடுங்க. சேலை கார்டு எந்த வண்டிக்கும் சேரும். அந்தத் தட்டை மட்டும் முன்னால வச்சிராதிய, சோறு போட்டுத் திங்க ஆகும்.

வழி விடுங்கம்மா, வழி விடுங்க. ஏளா குழலி! நில்லு! நில்லுட்டி, அப்பா வாறேன்!

தம்பி, ஜன்னல் வழியா எட்டி ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. டேங்குக்கு வலது பக்கம், உங்களுக்குத் தெரியுதா? காலியாத்தானே இருக்கு? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஸ்பூன்லதான் பத்தாமப் போச்சு. அங்கன முழுப் பேரும் பத்தும்.